இருபது மாதக் குழந்தையோடு சிறுவர் அரும்பொருளகம்: எப்போது போவது, உள்ளே என்ன செய்வது, எப்போது கிளம்புவது

மகளுக்கு 20 மாதம், பத்துப் பன்னிரண்டு சொல் பேசுகிறாள், ஊரிலிருந்து உங்கள் அம்மா வந்திருக்கிறார். வரும் சனிக்கிழமை சிங்கப்பூர் கோல்மன் ஸ்ட்ரீட்டில் இருக்கும் சிறுவர் அரும்பொருளகத்துக்குப் போகலாமா, இந்த வயதில் அவளுக்கு அங்கே என்ன புரியும், நடுவில் அழுது புரண்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போகலாம். அந்த இடம் 12 வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்து அமைக்கப்பட்டது. அங்கே எழுதி வைத்திருப்பதில் ஒரு வரியும் உங்கள் மகளுக்கு ஆகப்போவதில்லை. அவளுக்குக் கிடைக்கப்போவது, கைவைத்துப் பார்க்கச் சில பொருள்கள், அந்தக் கை செய்வதைச் சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நீங்கள். இது நன்றாக அமைந்தால் 45 நிமிடமே அவளுக்கு நிறைவான நேரம். எல்லா அறையையும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினால் பெரும்பாலும் அழுகையில்தான் முடியும்.

முதலில் சீட்டு. சிங்கப்பூரில் சிறுவர்களுக்கென்றே அமைந்த முதல் அரும்பொருளகம் இது. தேசிய மரபுடைமைக் கழகத்தின் கீழ் 2022 டிசம்பரில் திறக்கப்பட்டது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணம் இல்லை, ஆனால் நேரம் குறித்து இணையத்தில் முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். உங்கள் அம்மா வருகையாளர் அனுமதியில் வந்திருந்தால் அவருக்குக் கட்டணச் சீட்டு வாங்க வேண்டியிருக்கும். வேலை அனுமதியில் இருக்கும் பணிப்பெண்ணைக் கூட்டிப்போனாலும் அப்படியே. வார இறுதி இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். சனிக்கிழமைக்கு வெள்ளி இரவு தேடினால் கையை விரிப்பார்கள். பள்ளி விடுமுறைகளில், அதாவது மார்ச் ஒரு வாரம், ஜூன் மாதம், செப்டம்பர் ஒரு வாரம், நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஆண்டு முடியும் வரை, பெரிய பிள்ளைகளின் கூட்டம் அதிகம். முடிந்தால் அந்த நாள்களைத் தவிருங்கள். வேலையில் ஒரு காலை விடுப்பு எடுக்க முடிந்தால் வாரநாளே மேல். திங்கட்கிழமை மூடியிருக்கும்.

ஒரு நேரப்பகுதி ஒன்றே முக்கால் மணி நேரம். அதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. 20 மாதத்தில் பெரும்பாலான பிள்ளைகள் பகலில் ஒரே தடவை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்குவார்கள். காலை 7 மணிக்கு எழுந்து 12.30க்குத் தூங்கும் குழந்தை என்றால், அவளுடைய நல்ல நேரம் எட்டரையிலிருந்து பதினொன்று வரை. எனவே காலையின் முதல் நேரப்பகுதியையே பிடியுங்கள். நண்பகலை ஒட்டிய நேரப்பகுதிதான் மோசம். பசியும் தூக்கமும் சேர்ந்து வரும், உள்ளே சாப்பாடு கொடுக்கவும் முடியாது. மதியம் தூங்கி எழுந்த பிறகு போகலாமே என்று தோன்றும். வார இறுதியில் அது நடக்கும். வாரநாளில் செய்தால் திரும்பும்போது வேலை முடிந்து வருபவர்களின் நெரிசலில் ரயிலில் மாட்டிக்கொள்வீர்கள்.

போவதற்கு முந்தைய மூன்று நாள் வீட்டில் அவளைக் கொஞ்சம் கவனியுங்கள். இந்த வயதுப் பிள்ளைகள் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். சிலர் எதையாவது பைக்குள் அடைத்து, சமையலறையிலிருந்து கூடத்துக்குத் தூக்கிப்போய்க் கொட்டுவார்கள். சிலர் துளை கண்ட இடத்திலெல்லாம் எதையாவது நுழைப்பார்கள். சோபா இடுக்கில் சாவி காணாமல் போவது இப்படித்தான். சிலருக்குக் கதவைத் திறந்து மூடுவது, சிலருக்கு உயரத்திலிருந்து போட்டு விழுவதைப் பார்ப்பது. இது குறும்பு இல்லை, கற்றுக்கொள்ளும் முறை. தூக்கிச் சுமக்கிற குழந்தை கனத்தைப் படிக்கிறாள், நுழைக்கிற குழந்தை அளவைப் படிக்கிறாள். உங்கள் மகளின் வேலை எது என்று தெரிந்துகொண்டு போனால், உள்ளே நுழைந்ததும் எந்தப் பொருளிடம் அவளைக் கூட்டிப்போவது என்று உங்களுக்கே தெரியும்.

போகும் வழி

நகர மண்டபம் எம்ஆர்டி நிலையத்திலிருந்து பெரியவர்கள் நடையில் பத்து நிமிடம் போல ஆகும். குழந்தையின் நடையில் அரை மணி. நடைபாதையில் இருக்கும் ஒவ்வொரு சாக்கடை மூடிக்கும் அவள் நிற்பாள், புறாவைக் கண்டால் பின்னாலேயே போவாள். அந்த நடை அவளுக்கு நல்லதுதான், ஆனால் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள். சீட்டின் நேரம் ஓடும்போது தள்ளுவண்டியிலோ தூளிப்பையிலோ வரட்டும்.

0.9 மீட்டர் உயரத்துக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு, கட்டணம் கொடுக்கும் பெரியவரோடு வந்தால், ரயிலிலும் பேருந்திலும் இலவசம். தள்ளுவண்டியை மடிக்காமலேயே பேருந்தில் ஏற்ற 2017 ஏப்ரலிலிருந்து அனுமதி உண்டு. ஏறிய பிறகு சக்கரப் பூட்டைப் போட மறக்காதீர்கள். கார் பிடிப்பதாக இருந்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 1.35 மீட்டருக்குக் குறைந்தவர்களுக்கு வாகனத்தில் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம். டாக்சிக்கு இதில் விலக்கு இருக்கிறது, கிராப் போன்ற செயலிகளில் வரும் தனியார் வாடகைக் கார்களுக்கு இல்லை. சாதாரண கிராப் அழைத்தால், வந்த ஓட்டுநர் குழந்தையைப் பார்த்துவிட்டு ஏற்ற மறுத்தால் அது அவர் தப்பில்லை. குழந்தை இருக்கையோடு வரும் சேவையைக் கேளுங்கள், அல்லது டாக்சி பிடியுங்கள். சட்டம் விலக்கு கொடுத்தாலும் டாக்சியில் மடியில் வைத்துப் போவது பாதுகாப்பாகிவிடாது. திடீர் பிரேக்கில் பத்துப் பன்னிரண்டு கிலோ எடையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. இந்த ஊரில் ரயில் போகும் இடத்துக்கு ரயிலே நல்லது.

ரயிலிலும் நிலையத்துக்குள்ளும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. அபராதம் 500 வெள்ளி வரை போகலாம். ஆகவே காலை ஆகாரத்தை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். இட்லி, சப்பாத்தி என்று வயிற்றில் நிற்கும் உணவாக இருக்கட்டும். பிஸ்கட்டும் பாலும் ஒன்றரை மணி நேரத்தில் கரைந்துவிடும். நகர மண்டபத்தில் இறங்கி வெளியே வந்ததும் ஐந்து நிமிடம் ஒதுங்கி உட்கார்ந்து அரை வாழைப்பழமும் தண்ணீரும் கொடுத்துவிட்டு நடங்கள். திராட்சை கொண்டுபோனால் நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொண்டுபோங்கள். முழுத் திராட்சை அவள் மூச்சுக்குழாயின் அளவுக்குச் சரியாகப் பொருந்தி அடைத்துக்கொள்ளும்.

பையில் வைக்க வேண்டியவை: டயப்பர் மூன்று, மாற்றுடை ஒன்று, மெல்லிய முழுக்கைச் சட்டை, காலுறை, ஒரு சிறு துண்டு. வெயிலில் வியர்த்து வரும் உடம்பு குளிரூட்டிய அறைக்குள் நுழைந்ததும் ஐந்தே நிமிடத்தில் சில்லிட்டுவிடும். துண்டால் முதுகைத் துடைத்துவிட்டுச் சட்டையைப் போடுங்கள். வியர்வையின் மேல் போட்டால் ஈரம் உள்ளேயே நிற்கும்.

தள்ளுவண்டி பற்றி. அரும்பொருளகம் இருப்பது 1900களின் தொடக்கத்தில் ஆங்கிலோ சீனப் பள்ளிக்காக எழுந்த கட்டடம். 1995 முதல் அது தபால்தலை அரும்பொருளகமாக இருந்தது. பழைய கட்டடம் என்பதால் அறைகள் பெரிய கடைத்தொகுதிகள் போல அகலமாக இருக்காது. குடை போல மடங்கும் சிறிய வண்டியே போதும். உள்ளே அது பெரும்பாலும் பையைச் சுமக்கத்தான் பயன்படும்.

உள்ளே

தரைத்தளத்தில் 4 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கென்று 'பிளே பாட்' என்ற பகுதி இருக்கிறது. பலரும் அதைக் கடைசிக்கு ஒதுக்கி, மற்ற அறைகளை முதலில் சுற்றுவார்கள். நேர்மாறாகச் செய்யுங்கள். தள்ளுவண்டியிலும் ரயிலிலும் ஒரு மணி நேரம் கட்டுண்டு வந்த உடம்பு முதலில் கேட்பது ஓடவும் ஏறவும் தவழவும்தான். அந்தத் தேவை தீராமல் கூட்டம் உள்ள வேறு அறைக்குள் கொண்டுபோனால் அவள் அங்கேயும் ஓடத்தான் பார்ப்பாள். அங்கே எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளும் ஓடுவார்கள், இடிபட்டு விழுவது இவள்தான். இருபது, இருபத்தைந்து நிமிடம் பிளே பாட்டில் இருங்கள். பிறகு மற்ற அறைகளில் ஒன்றே ஒன்று. அதன் பிறகு அவள் கையைப் பிடித்து எங்கே இழுக்கிறாளோ அங்கே. பார்த்ததையே மறுபடி பார்க்க இழுத்தால் போங்கள். இந்த வயதில் இரண்டாம் தடவைதான் பொருள் மனதில் உட்காரும்.

காட்சிகளை அவ்வப்போது மாற்றுவார்கள், போகும் முன் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். உங்கள் அம்மாவும் வருவதால், அந்த இரண்டாவது அறைக்கு 'அண்டர் தி அங்சானா ட்ரீ' நல்ல தேர்வு. அந்தக் காலத்தில் மரநிழலில் கடைபோட்ட தெரு வியாபாரிகளின் உலகம் அது. ஊரில் தள்ளுவண்டிக்காரரிடமும் கூடைக்காரம்மாவிடமும் பேரம் பேசிய தலைமுறைக்கு அதில் யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. நம்மவர்களுக்கு அந்தத் தெருவில் சொந்தப் பங்கும் உண்டு. கச்சாங் பூத்தே என்று மலாய்ப் பெயரில் கூம்புக் காகிதத்தில் கடலையும் பட்டாணியும் விற்றவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். எட்டயபுரத்துப் பக்கமிருந்து இந்தத் தொழிலுக்கு வந்த குடும்பங்கள் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஏராளம். பாட்டி விற்பவர், பேத்தி வாங்குபவள். "என்னம்மா வேணும்? இந்தா. காசு குடு." இந்த மூன்று வாக்கியத்தையே பத்துத் தடவை ஆடலாம். அலுப்பது நமக்குத்தான், அவளுக்கு அலுக்காது. உண்மையான கடலையை மட்டும் வெளியே எங்கேயும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். முழுக்கடலை இந்த வயதில் மூச்சுத்திணற வைக்கும்.

ஒரு சின்ன ஏற்பாடு பெரிய உதவி செய்யும். ஒரு நேரத்தில் ஒரு பெரியவர் மட்டும் குழந்தையோடு பேசுங்கள். அம்மா ஒரு பக்கம் "இங்கே பாரு" என்பதும், பாட்டி மறுபக்கம் "இதைப் பாரு" என்பதும், நடுவில் ஒருவர் கைப்பேசியை நீட்டிப் படம் பிடிப்பதுமாக இருந்தால் அவள் எதையுமே பார்க்க மாட்டாள். இருபது நிமிடம் நீங்கள், அடுத்த இருபது நிமிடம் பாட்டி. மற்றவர் பையோடு உட்காரலாம். மூட்டுவலி உள்ளவர்களுக்கும் இது வசதி.

இருட்டான அறை, திடீர் ஒலி, சுவரெல்லாம் ஓடும் படம், இவற்றுக்குச் சில பிள்ளைகள் மிரளுவார்கள். தூக்கிக்கொண்டு நேராக உள்ளே போகாதீர்கள். வாசலிலேயே மண்டியிட்டு உட்கார்ந்து, அவள் முதுகு உங்கள் மார்பில் படும்படி வைத்துக்கொண்டு, ஒரு நிமிடம் வெளியிலிருந்தே பார்க்க விடுங்கள். ஒலி எப்போது வருகிறது என்று நீங்கள் கவனித்து, வருவதற்குச் சற்று முன் "இப்ப சத்தம் வரும்" என்று சொல்லுங்கள். முன்கூட்டியே தெரிந்த சத்தம் பாதி பயத்தைத்தான் கொடுக்கும். அப்படியும் மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.

பொம்மையைப் பிடுங்குவது நடக்கும். இரண்டு வயதுக்குள் பிள்ளைகள் சேர்ந்து விளையாடுவதில்லை, பக்கத்துப் பக்கத்தில் தனித்தனியே விளையாடுவார்கள். "பகிர்ந்துக்கணும்" என்ற சொல் அவளுக்கு ஒன்றும் உணர்த்தாது. "அக்கா ஆடுறாங்க. அக்கா முடிச்சதும் பாப்பா" என்று சொல்லி, காத்திருக்கும் நேரத்தில் அவள் கையில் வேறொன்றைக் கொடுங்கள். கை காலியாக இருந்தால் காத்திருக்க முடியாது. அவள் பிடுங்கிவிட்டால் அவள் கையோடு உங்கள் கையையும் வைத்துத் திருப்பிக் கொடுங்கள். எதிர்ப்பக்கத்துப் பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

எந்த மொழியில் பேசுவது

உங்கள் கேள்வியில் இது இல்லை. ஆனாலும் சொல்ல வேண்டியது இதுதான் அதிகம். அங்கே உள்ள வாசகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், சுற்றியிருக்கும் பேச்சும் ஆங்கிலம். வீட்டில் தமிழ் பேசும் பெற்றோர்கூட அந்தக் கதவுக்குள் நுழைந்ததும் தங்களை அறியாமல் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். பலகையைப் படிக்கத் தெரியாத குழந்தைக்கு நீங்கள் சொல்வதுதான் பலகை. அதைத் தமிழில் எழுதும் வாய்ப்பு முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. 5 வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020ல் 2.5 விழுக்காடு. வெளியிடத்தில் தமிழ் காதில் விழுவதே அரிதான ஊரில், 'தமிழ் வீட்டுக்குள் மட்டும்' என்ற பாடத்தைக் குழந்தை இரண்டு வயதிலேயே கற்றுக்கொண்டுவிடும். அதை இப்போதே மாற்றலாம்.

இந்த வயதில் விட்டுவிடக் கூடாதவை வினைச்சொற்கள். நாம் வழக்கமாகக் கற்றுக்கொடுப்பதோ பெயர்கள்: பூ, பந்து, மீன், காக்கா. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வாக்கியம் வராது. அங்கே அவள் கை செய்வதெல்லாம் வினை. தமிழ் இதில் குழந்தைக்கு ரொம்ப இணக்கமான மொழி. வினை வாக்கியத்தின் கடைசியில் வரும், கடைசியாகக் கேட்டது காதில் தங்கும். ஏவலுக்கு எந்த விகுதியும் வேண்டாம், வேர்ச்சொல்லே போதும்: எடு, போடு, தா, திற, மூடு, தள்ளு, இழு, தூக்கு. ஓரசை, ஈரசைச் சொற்கள். மழலை வாய்க்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கும்.

இந்த வசதியை நம் பேச்சுவழக்கே கெடுத்துவிடுகிறது. "ஓப்பன் பண்ணு", "குளோஸ் பண்ணு", "புஷ் பண்ணு", "த்ரோ பண்ணு" என்று சொல்லும்போது நான்கு வெவ்வேறு வேலைக்கும் தமிழில் அவள் கேட்பது 'பண்ணு' என்ற ஒரே சொல். திற, மூடு, தள்ளு, எறி என்ற நான்கையும் அவள் கேட்கவே இல்லை. நான்கு வயதில் "பிள்ளைக்குத் தமிழ் புரியுது, ஆனா பேச மாட்டேங்குது" என்று வரும் குறைக்கு ஒரு வேர் இங்கேதான் இருக்கிறது. சுத்தத் தமிழ் பேச வேண்டும் என்று இல்லை. பஸ் பஸ்ஸாகவே இருக்கட்டும், லிஃப்ட் லிஃப்டாகவே இருக்கட்டும். வினை மட்டும் தமிழில் வரட்டும்.

நடைமுறையில் இப்படி. ஒரு பெட்டியின் முன் உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடியைத் தூக்குகிறாள். "திறந்துட்டே." உள்ளே பந்தைப் போடுகிறாள். "போட்டே. உள்ளே போட்டே." மூடுகிறாள். "மூடிட்டே. பந்தைக் காணோம்." இங்கே நிறுத்துங்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். நமக்கு அந்த ஐந்து நொடி நீளமாகத் தெரியும். அவளுக்குக் கேட்டதைப் பிடித்து, வாயை அமைத்து, ஒலியாக்க அந்த நேரம் வேண்டும். "காணோ" என்று ஏதோ ஒன்று வரும், அல்லது உங்கள் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வையும் பதில்தான். "ஆமா, காணோமே! திறக்கலாமா?" என்று அவள் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். அவள் "திற" என்றால் "பந்தை எடுக்கத் திற" என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிக் கொடுங்கள். தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள், சரியான உருவில் நீங்கள் ஒரு தடவை சொன்னால் போதும்.

"இது என்ன? அது என்ன? இது என்ன கலர்?" என்று கேட்டுக்கொண்டே போவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். தேர்வு வைக்கிற தொனி வந்ததும் குழந்தை பொருளை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் படிக்க ஆரம்பித்துவிடுவாள். ஒரு கேள்விக்கு நான்கு சொல்லல் என்ற கணக்கில் வைத்துக்கொள்ளலாம். பாட்டி இருப்பது இதில் பெரிய பலம். அவருக்கு 'பண்ணு' பழக்கம் குறைவு. உருட்டு, குலுக்கு, சாய், கவிழ், அள்ளு, தூவு, அமுக்கு என்று நாம் மறந்துபோன சொல்லெல்லாம் அவர் வாயில் தானாக வரும். அவரைத் தயக்கமில்லாமல் உரக்கப் பேச விடுங்கள்.

எப்போது கிளம்புவது

அழுகை திடீரென்று வருவதில்லை. கண்ணைக் கசக்குவாள், காதை இழுப்பாள், கையில் எடுத்ததை விளையாடாமல் எறிவாள், ஒன்றிலும் நிற்காமல் வட்டமாக ஓடுவாள், காரணமில்லாமல் தூக்கச் சொல்லி உடனே இறங்கப் பார்ப்பாள். இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் உங்களுக்குப் பத்து நிமிடம் இருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தில் இன்னொரு அறையைப் பார்க்க நினைக்காதீர்கள், கிளம்பும் வேலையைத் தொடங்குங்கள்.

"இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றால் அவளுக்குப் புரியாது. எண்ணிக்கை வைத்தால் உடம்புக்குத் தெரியும்: "இன்னும் மூணு தடவை போடலாம்." ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் காட்டி எண்ணி, மூன்றாவது முடிந்ததும் அந்தப் பொருளுக்கே "டாட்டா" சொல்ல வைத்து எழுந்துவிடுங்கள். நான்காவது தடவைக்கு இணங்கினால் அடுத்த தடவை எண்ணிக்கை செல்லாது. வெளியே வர ஒரு காரணமும் கையில் கொடுங்கள்: தண்ணீர்ப் புட்டியை அவளே தூக்கி வரலாம், மின்தூக்கி இருந்தால் பொத்தானை அவளே அமுக்கலாம்.

அப்படியும் தரையில் புரண்டால், முதலில் கூட்டத்திலிருந்து ஓரத்துக்குத் தூக்கிப்போங்கள். பிறகு பக்கத்தில் தரையில் உட்காருங்கள். சமாதானம் பேசாதீர்கள். அந்த நேரம் சொல் எதுவும் உள்ளே இறங்காது, கூடுதல் சத்தமாகத்தான் கேட்கும். மூச்சு சீரானதும் தண்ணீர், பிறகு தோள். சுற்றியிருக்கும் பெற்றோர் எல்லாரும் அதே நிலையைக் கடந்தவர்கள்தான், அவர்கள் முகத்தைப் பார்த்துக் கூசாதீர்கள். கைப்பேசியைக் கொடுத்து அடக்குவது அன்றைக்கு வேலை செய்யும், அடுத்த தடவை அதைக் கேட்பதற்காகவே அழுகை சீக்கிரம் வரும்.

கைகழுவல்

இதை ஒருபோதும் விடாதீர்கள். பல பிள்ளைகள் தொட்டு, வாயில் வைத்து, மறுபடி தொட்ட பொருள்கள் அவை. எச்சில், சளி, கொப்புளநீர், மலம் வழியாகப் பரவும் கை, கால், வாய்ப்புண் நோய் சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் இருக்கிறது. பாலர் பள்ளிகளில் அடிக்கடி வருவதும் இதுதான். அதை உண்டாக்கும் எண்டிரோ கிருமிகளுக்குக் கொழுப்பு உறை கிடையாது. சாராயம் கலந்த கைசுத்திகரிப்பு திரவம் பெரும்பாலும் அந்த உறையைக் கரைத்துத்தான் கிருமியைக் கொல்கிறது. உறையே இல்லாத கிருமியிடம் அது அவ்வளவாகப் பலிக்காது. ஆகவே பையில் இருக்கும் சிறு புட்டியை நம்பி இருந்துவிடாமல், வெளியே வந்ததும் கழிவறைக்குப் போய் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். அவளை இடுப்போடு அணைத்துத் தூக்கி, உள்ளங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று 20 நொடி. அதன் பிறகுதான் வாழைப்பழம். அவளுக்குக் காய்ச்சலோ வாயில் புண்ணோ கையில் கொப்புளமோ தெரிந்தால் அன்றைக்குப் போகாதீர்கள், இலவசச் சீட்டுதானே போனால் போகட்டும்.

சீட்டு கிடைக்காவிட்டால்

அந்த வட்டாரமே குழந்தைக்குப் போதும். ஹில் ஸ்ட்ரீட்டில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் மத்திய தீயணைப்பு நிலையத்தின் முன் நடைபாதையில் நின்றாலே பெரிய சிவப்பு வண்டிகள் தெரியும். 20 மாதக் குழந்தைக்கு அதைவிடப் பெரிய காட்சி இல்லை. அதே சாலையில் 1835ல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயத்தைச் சுற்றிப் புல்வெளி இருக்கிறது. அதை வடிவமைத்தவர் பெயரைத்தான் கோல்மன் ஸ்ட்ரீட் தாங்கியிருக்கிறது. வழிபாட்டு இடம் என்பதால் அங்கே ஓட விடாமல் மெதுவாக நடக்க வையுங்கள். ஓட வேண்டுமானால் ஃபோர்ட் கேனிங்கின் ஜூபிலி பூங்காவில் விளையாட்டு இடம் இருக்கிறது. ஏற்றப் பாதை என்பதால் வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். மழை பிடித்துக்கொண்டால் விக்டோரியா ஸ்ட்ரீட்டில் உள்ள மத்தியப் பொது நூலகம். 2024 ஜனவரியில் புதுப்பித்துத் திறந்தபோது சிறுவர் பகுதியைக் கடலும் உயிரினங்களுமாக அமைத்திருக்கிறார்கள்.

வீடு திரும்பிய பிறகு

அன்று சாயங்காலமோ மறுநாளோ, ஒரு கூடை, நான்கு வெங்காயம், இரண்டு உருளைக்கிழங்கு, அட்டையில் வட்டமாக வெட்டிய காசு ஐந்தாறு எடுத்துப் பாட்டியைக் கடை போடச் சொல்லுங்கள். காசின் விட்டம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், அப்போதுதான் வாய்க்குள் போகாது. அங்கே சொன்ன அதே சொற்கள்: எடு, போடு, தா, இந்தா. சொப்பு இருந்தால் அதையும் பரப்பலாம். ஒரு வாரத்துக்குள் மூன்று நான்கு தடவை இந்தக் கடை நடந்தால், அரும்பொருளகத்தில் கேட்ட சொல் வீட்டுச் சொல்லாகிவிடும்.

திரும்பி நடக்கும்போது சாலையோரம் அங்சானா மரம் கண்ணில் பட்டால் அடியில் தேடிப் பாருங்கள். ஊரில் நாம் வேங்கை என்று சொல்லும் மரத்துக்கு அது நெருங்கிய உறவு, உங்கள் அம்மாவுக்கு அடையாளம் தெரியலாம். தட்டையான வட்டக்காய் கிடக்கும். நடுவில் தடித்த விதைப்பகுதி, சுற்றிலும் காகிதம் போன்ற மெல்லிய இறக்கை. காய்ந்தால் பழுப்பு நிறம். காதருகே வைத்து ஆட்டினால் சிலவற்றில் உள்ளே விதை லேசாகக் கிலுகிலுக்கும். அவள் கையை நீட்டச் சொல்லி உள்ளங்கையில் வையுங்கள். தலைக்கு மேல் தூக்கிவிட்டால் சுழன்றுகொண்டே விழும். "சுத்துது, சுத்துது, விழுந்துடுச்சு." அதை எடுத்து வீட்டில் ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்து மறுபடி சீட்டு எடுக்கும்போது, போவதற்கு முந்தைய நாள் அந்தக் காயை வெளியே எடுத்துக் காட்டுங்கள். உள்ளே போனதும் போன தடவை கடைசியாக "டாட்டா" சொன்ன அதே பொருளிடம் முதலில் கூட்டிப்போங்கள்.